நூற்றுநாற்பது கறுத்த கற்கள்

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை பத்து மணியளவில் ஜெயரூபியின் கைத்தொலைபேசிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. சல்லிக் கடற்கரைக் கிராமத்தில் இருக்கும் யாரோ ஒரு பெண் அனுப்பியிருந்தாள். காற்றின் இரைச்சலில் பாதிச் சொற்கள் கேட்கவில்லை. கேட்டது இவ்வளவுதான்:

"அக்கா, சுலோஜனா வீட்டில... உங்கட கல்லெல்லாம் கரைஞ்சு விழுந்திட்டுது... ஆக்கள் எல்லாம்..."

அதற்குப் பிறகு வெறும் காற்று.

ஜெயரூபி அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தாள். மணி போகவில்லை. சுலோஜனாவுக்கு எடுத்தாள். அவளுடைய கணவன் சிவரூபனுக்கு எடுத்தாள். இரண்டும் நிறுத்தப்பட்டிருந்தன. சல்லிப் பக்கம் தொலைபேசிக் கோபுரம் சற்று முன் விழுந்துவிட்டது, இனி இரண்டு மூன்று நாளைக்கு ஒன்றும் வேலை செய்யாது என்று பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் சொன்னார். சாம்பல்தீவுப் பக்கம் வீதியை வெள்ளம் மூடிவிட்டதென்றும் சொன்னார்.

அவள் அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். "ஆக்கள் எல்லாம்" என்ற சொல்லுக்குப் பிறகு அந்தப் பெண் என்ன சொல்ல வந்தாள் என்பது எத்தனை முறை கேட்டும் விளங்கவில்லை.

ஜெயரூபிக்கு வயது முப்பத்தெட்டு. கப்பல்துறையில், கண்டி வீதியிலிருந்து சற்று உள்ளே, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் வீடு கட்டும் கற்கள் செய்கிறாள். சீமெந்துக் கல் அல்ல. குளம் தூர்வாரும்போது அள்ளிப் போடும் மண், கல்குவாரித் தூள், நெல் ஆலைகளில் மிஞ்சும் உமியைச் சுட்டெடுத்த சாம்பல், மட்டி ஓட்டைச் சுட்ட சுண்ணாம்பு. இவற்றை அளவாகக் கலந்து, கையால் இழுத்து அமுக்கும் இரும்பு மெஷினில் போட்டு, ஒவ்வொரு கல்லாக எடுத்து, சாக்கால் மூடி, ஒரு மாதம் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். சீமெந்து ஒரு கைப்பிடிகூட இல்லை.

முன்பு அவள் ஒரு தொண்டு நிறுவனத்தில் தொழில்நுட்ப உதவியாளராக வேலை பார்த்தவள். திட்டம் முடிந்து நிறுவனம் போனபோது மெஷினை ஒருவரும் ஏற்றிப் போகவில்லை. சீமெந்து விலை ஏறி, மாவட்டம் முழுவதும் அரை மட்டத்துச் சுவர்களோடு வீடுகள் புல் மண்டிக் கிடந்த காலம் அது. அவள் அந்த மெஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சுண்ணாம்புக்கு வழி செய்தவள் கிண்ணியாவைச் சேர்ந்த மைமூனா. ஜெயரூபியைவிட ஆறேழு வயது மூத்தவள். அவர்களுடைய ஊரில் பெண்கள் கடலோரக் களப்பில் இறங்கி மட்டி பொறுக்கி, அவித்து, சதையை விற்பார்கள். ஓடு வேலியோரத்தில் மலையாகக் குவிந்து நாறும். அந்த ஓட்டை உமியோடு பீப்பாவில் அடுக்கிச் சுடலாம் என்று ஜெயரூபி சொன்னபோது, "குப்பைய அள்ளிப் போறன் எண்டு ஒரு ஆள் வந்தா வேணாமெண்டா சொல்லுவம்?" என்று சிரித்த மைமூனா, பிறகு தானே நின்று சுடத் தொடங்கிவிட்டாள். இரண்டு வருடமாக இருவரும் சேர்ந்துதான் எல்லாம் செய்கிறார்கள்.

சோதனைக்காக மதிலும் கக்கூசும் கட்டிப் பார்த்தார்கள். முதல் முழு வீடு சுலோஜனாவுடையது. மீன்பிடிக் குடும்பம். கணவன், இரண்டு பிள்ளைகள். எட்டு வருடம் தகரக் கொட்டிலில் இருந்தவர்கள். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த உதவி, சீமெந்துக் கல்லில் கட்டினால் யன்னல் மட்டத்தோடு நின்றுவிடும் என்று தெரிந்த பிறகுதான் அவள் ஜெயரூபியைத் தேடி வந்தாள். மழைக்கு முன்னம் கூரை ஏற வேண்டும் என்பது மட்டுமே அவளுடைய நிபந்தனை.

இந்த இடத்தில்தான் ஜெயரூபி ஒரு பிழை விட்டாள். புயலுக்கு முந்திய இரண்டு மாதமும் அது அவளுக்குள் முள்ளாக இருந்தது.

கடைசித் தொகுதிக் கற்களுக்கு வந்த உமி நனைந்திருந்தது. பீப்பாவில் தீ சரியாக ஏறவில்லை. வெளிர் சாம்பல் நிறத்தில் வரவேண்டிய சாம்பல் கரிபோலக் கறுத்து வந்தது. மட்டி ஓடும் நடுவில் வேகாமல் இருந்தது.

"ரூபி, இது கறுப்பா இரிக்கி. கொட்டிப் போட்டுத் திரும்பச் சுடுவம்," என்றாள் மைமூனா.

"திரும்பச் சுட ஒரு கிழமை போயிடும் ராத்தா. அதுக்குப் பிறகு ஒரு மாதம் சாக்கால மூடி வைக்கவேணும். மழை வந்திடும்."

"மழ வந்தா என்ன? கல்லு பிழைச்சா என்ன? எது பெரிசு?"

"நூத்திநாப்பது கல்லுதானே. போகப் போக இறுகும்."

மைமூனா மண்வெட்டியை எடுத்துக் கலக்கத் தொடங்கினாள். கல் அமுக்கப்பட்டது, ஒரு மாதம் சாக்குக்குக் கீழ் இருந்தது, லொறியில் ஏறிச் சல்லிக்குப் போனது. வீட்டுக்கு வேண்டிய இரண்டாயிரத்து நானூறு கல்லில் அந்த நூற்றுநாற்பதும் அடக்கம். எந்தச் சுவரில், எந்த வரியில் போயின என்று அவளுக்குத் தெரியாது. கட்டிய மேசனிடம் அவள் சொல்லவுமில்லை. சுவர் பூசியபிறகு நிறமும் தெரியவில்லை. குடிபுகுந்த நாளில் சுலோஜனா பாற்சோறு கொடுத்தபோது ஜெயரூபியின் கண் அதில் இல்லை, சுவரில்தான் இருந்தது.

வீடு விழுந்துவிட்டது என்றே அவள் இப்போது நம்பினாள். சுவருக்கு அடியில் யார் இருந்தார்கள் என்பதைத்தான் அவளால் நினைக்க ஏலாமல் இருந்தது. இரண்டு நாள் அவள் சோறு தின்னவில்லை. படுத்தாள், நித்திரை வரவில்லை. சுலோஜனாவின் பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. குடிபுகுந்த அன்று சின்னவன் புதுச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று உயரம் அளந்து காட்டினான்.

மூன்றாம் நாள் காலை வெயில் அடித்தது. வாசலில் ஓட்டோ வந்து நின்றது. மைமூனாவின் கணவர் கலீலுர் றஹ்மான் ஓட்டினார், பின்னால் மைமூனா இருந்தாள்.

"கொட்டகை இரிக்கா போயிட்டா எண்டு பார்க்க வந்தம்," என்று இறங்கிய மைமூனா, ஜெயரூபியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள். "என்னடி புள்ள?"

ஜெயரூபி தொலைபேசியைக் கொடுத்தாள். மைமூனா பதிவைக் கேட்டாள். கணவரும் கேட்டார்.

"அந்தக் கறுத்த கல்லு ராத்தா," என்றாள் ஜெயரூபி. "நீங்கள் சொன்னீங்கள். நான்தான் கேக்கேல்ல."

"நானும்தானே கூட நிண்டு அமுக்கினன்," என்றாள் மைமூனா. "ஏறு. போய்ப் பார்ப்பம். இங்க இருந்து அழுது வேலயில்ல."

வழி நெடுக மரங்கள் விழுந்து கிடந்தன. நகரத்தைத் தாண்டி உப்புவெளி வரை ஓட்டோ ஒருவாறு போனது. சாம்பல்தீவை நெருங்கியபோது வீதியில் இன்னும் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கலீலுர் றஹ்மான் இறங்கி நடந்து ஆழம் பார்த்துவிட்டு வந்து மெல்ல ஓட்டினார். சல்லி முகப்பில் ஒரு தென்னை குறுக்கே கிடந்தது. அதற்குப் பிறகு நடைதான்.

வள்ளங்களையெல்லாம் அம்மன் கோயில் வரைக்கும் இழுத்து ஏற்றி வைத்திருந்தார்கள். மீன் காயவைக்கும் பரண்கள் உடைந்து மணலில் சிதறிக் கிடந்தன. ஒரு பெண் குடத்தோடு எதிரே வந்தாள்.

"சுலோஜனா வீட்டுக்கு இதாலதானே போறது?" என்று மைமூனா கேட்டாள்.

"ஓம், நேரே போங்கோ. விழுந்ததைப் பார்க்க வந்தனீங்களோ? எல்லாரும் அங்கதான் நிக்கினம்."

ஜெயரூபி நின்றுவிட்டாள். மைமூனா அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வளைவைத் தாண்டியதும் முதலில் தெரிந்தது ஒரு பச்சைச் சேலை. அது ஒரு யன்னல் கம்பியிலிருந்து வேலி வரை கட்டிய கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. யன்னல் ஒரு சுவரில் இருந்தது. சுவருக்கு மேலே கூரைத் தகரம் முழுதாக இருந்தது. வாசலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். மூன்று கல் வைத்த அடுப்பில் பெரிய பானை கொதித்தது. பிள்ளைகள் ஒரு சைக்கிள் ரயரை உருட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினார்கள். அதில் ஒருத்தி சுலோஜனாவின் பெரியவள். பின்னால் அழுதுகொண்டு ஓடியவன் சின்னவன். ரயரைத் தனக்குத் தரவில்லை என்றுதான் அழுதான்.

ஜெயரூபி நேரே சுவரிடம் போனாள். வெள்ளம் நின்ற அடையாளம் முழங்கால் உயரத்தில் ஒரு மண்கோடாகத் தெரிந்தது. கோட்டுக்குக் கீழே பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரல்தான் நொந்தது. கைப்பையிலிருந்து கொட்டகைப் பூட்டின் திறப்பை எடுத்துச் சுரண்டினாள். வெள்ளைக் கீறல் விழுந்தது, தூள் கொட்டவில்லை. அடுத்த சுவருக்குப் போனாள். பிறகு மற்றதுக்கு. நாலாவது சுவரின் மூலையில், கூரைத் தண்ணீர் நேராக விழுந்த இடத்தில், பூச்சு போய் ஒரு விரற்கணு ஆழத்துக்குக் கல் அரித்திருந்தது. அவ்வளவுதான்.

"என்ன அக்கா, வந்ததும் வராததுமா வீட்டைச் சுரண்டிறீங்கள்?" குசினிக் கதவால் சுலோஜனா வெளியே வந்தாள். கை நிறைய வெங்காயம்.

"விழுந்தது எண்டு சொன்னாங்கள்..."

"விழுந்ததுதான். வாங்கோ காட்டிறன்."

வீட்டின் பின்பக்கம் அவள் கூட்டிப்போன இடத்தில் ஒரு மண்குவியல் இருந்தது. கறுத்த மண். அதற்கு மேலே இரண்டு பனைமட்டையும் ஒரு துண்டு வலையும். குவியலுக்கு மேல் ஒரு சேவல் ஏறி நின்றது.

"கோழிக்கூடு," என்றாள் சுலோஜனா. "குடிபூந்த பிறகு, மிஞ்சின கல்லெண்டு கட்டினது. புயலின்ர முதல் நாள் மழைக்கே கரைஞ்சு போட்டுது. கோழியளை எல்லாம் பிடிச்சு அறைக்குள்ள விட்டனாங்கள். முன்வீட்டு றாணிதான் உங்களுக்கு வொய்ஸ் போட்டவள். 'உங்கட கல்லெல்லாம் கரைஞ்சு விழுந்திட்டுது, ஆக்கள் எல்லாம் வீட்டுக்குள்ள பத்திரமா இருக்கினம், கோழியும்தான்' எண்டு. சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவள். உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

ஜெயரூபி அந்த ஈர மணலிலேயே குந்திவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியாத ஏதோ ஒன்று வந்தது. மைமூனா அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிக்கொண்டே நின்றாள். சுலோஜனா வெங்காயத்தோடு விளங்காமல் பார்த்தாள்.

அப்போது கூரையிலிருந்து ஏணியால் ஒருவர் இறங்கி வந்தார். வீட்டைக் கட்டிய மேசன் ஆனந்தராசா. அன்புவழிபுரத்துக்காரர், ஐம்பது வயது. அதிகம் கதைக்கமாட்டார். புயல் வருகிறதென்று கேட்டதும் தகரத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்ட வந்தவர், திரும்பிப் போக வழியில்லாமல் மூன்று நாளாக இங்கேயே நின்றுவிட்டார்.

"அண்ணை," என்றாள் ஜெயரூபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கறுத்த கல்லு எல்லாம் எங்க போட்டனீங்கள்?"

அவர் மண்குவியலைக் கையால் காட்டினார். "நூறு கல்லு அதில. மிச்சத்தைக் கக்கூசுக்குப் போற வழியில நிலத்தில பதிச்சனான்."

"சுவரில ஒண்டுகூட இல்லையோ?"

"சுவரில எப்பிடி வைக்கிறது தங்கச்சி? கல்லைக் கல்லோட தட்டினா ஒரு சத்தம் வரவேணும். அது பலகையில தட்டின மாதிரிச் சத்தம் போட்டுது. ஒண்டை வாளித் தண்ணிக்குள்ள போட்டுப் பார்த்தன். விடிய வாளிக்குள்ள சேறு. புறம்பா எடுத்து வைச்சிட்டன்."

"எனக்கேன் சொல்லேல்ல?"

"ரெண்டு தரம் கோல் எடுத்தனான். ஒருக்கா நீங்கள் கிண்ணியாவில நிண்டனீங்கள், ஒரே சத்தம். மற்ற நேரம் 'பிறகு கதைப்பம் அண்ணை' எண்டு வைச்சிட்டீங்கள்." அவர் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். "கல்லுப் போதாதெண்டு உள்ளறைச் சுவரைக் கொஞ்சம் உயரம் குறைச்சுக் கட்டினன். கூரைக்குள்ள மறைஞ்சிட்டுது. ஒருத்தருக்கும் தெரியேல்ல."

அந்த இரண்டாவது அழைப்பு ஜெயரூபிக்கு ஞாபகம் இருந்தது. அவர் என்ன கேட்கப் போகிறார் என்று பயந்துதான் அவள் வைத்தாள். அதை அவள் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் சொல்லாமல் விடலாம். வீடு நிற்கிறது, பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள், கோழிக்கூடு ஒரு பகிடி. ஆனால் சுலோஜனா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சுலோஜனா," என்றாள் ஜெயரூபி எழும்பி நின்று. "அந்தக் கல்லுப் பிழையான கல்லெண்டு எனக்கு முதலே தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினனான். மழைக்கு முன்னம் முடிக்கவேணும் எண்ட அவசரம். அண்ணை பிரிச்சு எடுக்காம விட்டிருந்தா அது உங்கட சுவருக்குள்ளதான் இருந்திருக்கும்."

சுலோஜனா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெங்காயத்தை முந்தானைக்குள் மாற்றிப் பிடித்தாள்.

"முப்பத்தொரு பேர் இதுக்குள்ள இருந்தவை அக்கா," என்றாள். "காத்து அடிக்கேக்க, வெள்ளம் வாறதுக்கு முதல், சின்னவனை உள்ளறைச் சுவரோரம்தான் படுக்க வைச்சனான். அதுதான் பலமான இடம் எண்டு நினைச்சு."

"ஓம்."

"அவசரப்படுத்தினது நானும்தான். ஆனா நீங்கள் சொல்லியிருக்கவேணும். இன்னும் ஒரு மாதம் கொட்டிலில இருந்திருப்பம். எட்டு வருசம் இருந்தனாங்கள்தானே."

"ஓம்," என்றாள் ஜெயரூபி மறுபடியும்.

சுலோஜனாவின் முகம் கடுமையாகத்தான் இருந்தது. பிறகு ஆனந்தராசாவைப் பார்த்தாள், மண்குவியலில் நின்ற சேவலைப் பார்த்தாள், நீளமாக மூச்சு விட்டாள்.

"சரி. இப்ப வந்து சொன்னீங்கள். வேற ஆராவது எண்டா கோழிக்கூட்டைப் பார்த்துச் சிரிச்சுப்போட்டுப் போயிருப்பினம். மூலையில அரிச்ச இடத்தை எப்ப சரிபண்ணித் தருவீங்கள்?"

"இந்தக் கிழமைக்குள்ள. தண்ணி சுவரில விழாமக் கூரைக்குப் பீலியும் போடவேணும். அது முதலே போட்டிருக்கவேணும்."

"அப்ப கோழிக்கூடு?"

"அதுவும். நல்ல கல்லில."

"கோழியளுக்கு நல்ல கல்லில வீடு," என்று ஆனந்தராசா மெதுவாகச் சொன்னார். அவர் பகிடி விட்டதை அங்கே ஒருவரும் முன்பு கேட்டதில்லை. சுலோஜனாதான் முதலில் சிரித்தாள். ஒருமுறை தொடங்கியதும் அவளால் நிறுத்த முடியவில்லை. முந்தானையிலிருந்து வெங்காயம் உருண்டு மணலில் விழுந்தது.

உள்ளே போய்ப் பார்த்தார்கள். இரண்டு அறையும் ஒரு குசினியும். வெள்ளம் உள்ளே வந்து வடிந்து, தரையெல்லாம் வண்டல். சுவரோரம் பாய்களும் உடுப்பு மூட்டைகளும் அடுக்கியிருந்தன. அக்கம்பக்கத்துத் தகரக் கொட்டில்கள் எல்லாம் முதல் மணித்தியாலத்திலேயே பிரிந்துபோக, அவர்கள் ஒவ்வொருவராக இங்கே ஓடி வந்ததைச் சிவரூபன் சொன்னான்.

"முதல்ல ஒருத்தரும் வரேல்ல அக்கா. மண் வீடு, கரைஞ்சிடும் எண்டு எல்லாருக்கும் பயம். கோழிக்கூடு வேற கண்ணுக்கு முன்னால கரைஞ்சிட்டுது. முன்வீட்டுக்காரரின்ர தகரம் பறந்த பிறகு அவையள் வந்தினம். பிறகு சனம் நெருக்கினதில கதவைச் சாத்த ஏலாமப் போச்சு."

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கிராம உத்தியோகத்தர் றிஷானா, சேதம் பதிய வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு, கையில் பிளாஸ்ரிக் உறைக்குள் ஒரு கோவை. வீடு வீடாக எழுதிக்கொண்டு வந்தவள் சுலோஜனாவிடம் கேட்டாள்:

"உங்கட வீட்டுக்கு என்ன சேதம்?"

"ஒரு கோழிக்கூடு, மிஸ்."

றிஷானா எழுதப் போனவள் நிமிர்ந்தாள். சுவரைப் பார்த்தாள். மண்கோட்டைப் பார்த்தாள். "இதுதானே அந்த உமிச் சாம்பல் வீடு? கரைஞ்சு போச்செண்டல்லோ எனக்குச் சொன்னவங்க?"

"கரைஞ்சது பின்னுக்குக் கிடக்கு. வேணுமெண்டா பாருங்கோ," என்றாள் சுலோஜனா. "கல்லுச் செய்தவ இந்தா நிக்கிறா. என்னெண்டு கரைஞ்சது எண்டு அவவே சொல்லுவா."

ஜெயரூபி சொன்னாள். முதலிலிருந்து, நனைந்த உமியிலிருந்து. மறைக்க ஒன்றும் இல்லாதபோது சொல்வது இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று கல்லை ஒருநாள் முழுக்கத் தண்ணீருக்குள் போட்டுப் பார்க்காமல் இனி ஒரு கல்லும் கொட்டகையை விட்டு வெளியே போகாது என்றும், லொறியில் ஏறுமுன் ஆனந்தராசா அண்ணை வந்து தட்டிப் பார்ப்பார் என்றும் அந்த இடத்திலேயே சொன்னாள். ஆனந்தராசா தலையை ஆட்டினார்.

றிஷானா கோவையை மூடிவிட்டு, "பிரதேச செயலகத்தில ஒருக்கா வந்து இதையே சொல்லுங்க. இந்தப் பக்கம் மட்டும் இருபத்தாறு கொட்டில் போயிட்டுது," என்றாள். பிறகு அடுத்த வளவுக்கு நடந்தாள்.

சமையல் முடிந்திருந்தது. சோறு, பருப்பு, புயலுக்கு முன் காயவைத்த கருவாட்டில் ஒரு குழம்பு. வாசலில் வரிசையாக இருந்து எல்லோரும் சாப்பிட்டார்கள். கலீலுர் றஹ்மானும் தென்னை மரத்தடியில் ஓட்டோவை விட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார். ஜெயரூபிக்கு மூன்று நாள் பசி ஒன்றாக வந்தது. இரண்டாம் தரம் சோறு வாங்கி, மூன்றாம் தரமும் வாங்கினாள். சின்னவன் அவளுக்கு முன்னால் வந்து குந்தி, இவ்வளவும் உள்ளே போகுமா என்று பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்வீட்டு றாணியும் வந்தாள். கையில் நனைந்த கொப்பித் தாள் ஒன்று. அதில் தன் பெயரையும் இன்னும் நாலு குடும்பத்தின் பெயரையும் எழுதியிருந்தாள். "உதவி வந்தால் எங்களுக்கும் இந்தக் கல்லுத்தான் அக்கா. கறுத்ததில்லை, மற்றது."

"மாரி முடிய வேணும்," என்றாள் ஜெயரூபி. "உமி காயாம நான் தொடங்கமாட்டன். தை, மாசி ஆகும். அதுவரைக்கும் காத்திருப்பீங்களோ?"

"இருப்பம்."

பின்னேரம் மூன்று மணிபோலத் திரும்பினார்கள். சாம்பல்தீவு வீதியில் தண்ணீர் மேலும் வடிந்திருந்தது. உப்புவெளியில் மின்சார ஊழியர்கள் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஜெயரூபி எதையோ சொல்லத் தொடங்கினாள். பீப்பாவுக்கு மேலே ஒரு கூரை போட வேண்டும் என்றோ, உமியை ஆலையிலேயே மழை படாமல் படங்கால் மூடி எடுக்க வேண்டும் என்றோ. பாதியில் குரல் நின்றுவிட்டது. மைமூனா திரும்பிப் பார்த்தபோது அவள் வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த குழியில் தலை சரிந்து மைமூனாவின் தோளில் விழுந்தது.

"மெல்லமாப் போங்க," என்றாள் மைமூனா கணவரிடம்.

கப்பல்துறையில் கொட்டகை வாசலில் ஓட்டோ நின்றது. எஞ்சின் நின்ற பிறகும் ஜெயரூபி எழும்பவில்லை.

"எழுப்பலையா?" என்று கலீலுர் றஹ்மான் மெல்லக் கேட்டார்.

"இரிக்கட்டும். நீங்க கடையில போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வாங்க. எனக்கும் ஒண்டு கொண்டு வாங்க."

அவர் வீதியைக் கடந்து போனார். மைமூனா தோளை அசைக்காமல், காலை மட்டும் மெதுவாக நீட்டி வைத்துக்கொண்டாள்.